கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்காதா? மனைவிக்குப் பத்தாவது வாரம், வீட்டில் ஒன்றரை வருடமாகக் கல் உப்புதான்

புதுஅப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை.

மனைவிக்கு இது பத்தாவது வாரம். முதல் குழந்தை. முதல் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச், அதாவது தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு, 5.6 என்று கூடுதலாக வந்தது. டாக்டரம்மா 25 மைக்ரோகிராம் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எழுந்து வரும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்: வீட்டில் என்ன உப்பு? நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், பாக்கெட் தூள் உப்பை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, சமையலுக்கு வண்டியில் வரும் கல் உப்பு, சாலட் மோர் இதற்கெல்லாம் இந்துப்பு என்று. அவர் முகம் மாறிவிட்டது. "முதலில் அதை மாற்றுங்கள்" என்றார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்ததால் மேலே எதுவும் கேட்க முடியவில்லை.

வீட்டில் வந்து சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அயோடினே கடலில் இருந்துதான் வருகிறது, கல் உப்பும் கடலில் இருந்துதான் வருகிறது, அதில் இல்லாததையா பாக்கெட்காரன் புதிதாகப் போடப் போகிறான்" என்கிறார். எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. உப்பை மாற்றியதே நான்தான், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்து. மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது, அது இன்னும் பயமாக இருக்கிறது.

என் கேள்விகள் இவைதான். கடல் உப்பில் உண்மையில் அயோடின் உண்டா இல்லையா? அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், மனைவிக்குக் கழுத்தில் எதுவுமே இல்லை, அப்படியானால் பயப்பட வேண்டாமா? இந்த டிஎஸ்எச் உப்பால் வந்ததுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் ஏற்கெனவே திட்டு வாங்கியாகிவிட்டது.


பாத்திக்காரன் எழுதியது:

தம்பி, வாழ்த்துகள் முதலில். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உப்பளத்தில் இருக்கிறது, அதனால் உப்புக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மருத்துவத்துக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் அம்மா கேட்டது நல்ல கேள்வி, எங்கள் வீட்டிலும் எல்லோரும் கேட்டதுதான். கடல் தண்ணீரில் அயோடின் இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 35 கிராம் உப்புகள், ஆனால் அயோடின் 50, 60 மைக்ரோகிராம்தான். அது முழுக்க அப்படியே உப்போடு வந்து சேர்ந்தால்கூட ஒரு கிராம் உப்புக்கு இரண்டு மைக்ரோகிராம் தேறாது. அதுவும் சேர்வதில்லை. தண்ணீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, டிகிரி பார்த்துப் பார்த்து அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுவோம். உப்புத் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் போமே மீட்டரில் 24, 25 வரும்போது உப்பு இறங்க ஆரம்பிக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மிச்சத் தண்ணீர் கசக்கும், அதை விட்டால் உப்பும் கசந்துவிடும் என்று வெளியேற்றிவிடுவோம். மக்னீசியம், புரோமின் எல்லாம் எந்தத் தண்ணீரோடு போகிறதோ அதோடு அயோடினும் போய்விடுகிறது. கொஞ்சம் காற்றிலும் போகிறது. பாத்தியில் நீங்கள் வாரி எடுப்பது சோடியம் குளோரைடு மட்டும்தான், பளபளவென்று இருக்கும், ஆனால் அயோடின் கணக்கில் அது வெறும் கல்.

கடலின் அயோடின் பாசியில் ஏறியிருக்கிறது, மீனில் இருக்கிறது. 1811-ல் பிரான்சில் கூர்த்துவா என்பவர் அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில் இருந்துதான், உப்பில் இருந்து அல்ல. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பாக்கெட்காரன் என்ன போடுகிறான் என்றால் பொட்டாசியம் அயோடேட். உப்பைக் கழுவி அரைத்து பெல்ட்டில் ஓடவிட்டு, மேலே இருந்து அயோடேட் கரைத்த தண்ணீரைத் தெளிப்பார்கள், அவ்வளவுதான் வித்தை. ஒரு டன் உப்புக்குச் சுமார் 50 கிராம் அயோடேட் போட்டால் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் வந்துவிடும். ஒரு டன்னுக்கு ஒரு கைப்பிடி! கடைக்கு வந்து உங்கள் கைக்குச் சேரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்று, அயோடின் போட்ட கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. கல் உப்பா தூள் உப்பா என்பது சண்டையே இல்லை, அயோடின் தெளித்ததா தெளிக்காததா என்பதுதான். வண்டியில் "உப்போய்" என்று கூவிக்கொண்டு வருகிறாரே, அவரிடம் இருப்பது பெரும்பாலும் தெளிக்காதது. சாக்கில் சிலசமயம் "தொழிற்சாலை உபயோகத்துக்கு மட்டும்" என்று அச்சடித்திருக்கும், தோல் பதனிடவும் ஐஸ் ஆலைக்கும் போக வேண்டிய சாக்கு உங்கள் தெருவுக்கு வந்திருக்கும். இந்துப்பு சுரங்கத்தில் வெட்டுவது, பாகிஸ்தான் மலைகளில் இருந்து வருகிற அந்த ரோஸ் உப்பும் அந்த வகைதான். நிறத்துக்குக் காரணம் இரும்புத் துரு. எண்பத்து நான்கு தாதுக்கள் என்று விற்கிறார்கள். அயோடின் மட்டும் அதில் பெயருக்குத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கழலை இருந்தது, வாழ்நாள் முழுக்க உப்பளத்திலேயே வேலை பார்த்தவர், பாத்தி உப்பையே சாப்பிட்டவர். காரணம் அதுதானா என்று யாரும் சோதிக்கவில்லை, ஆனால் கடலோரத்தில் இருப்பவனுக்கு அயோடின் குறையாது என்பதை நான் அன்றோடு நம்புவதில்லை.


செல்வி_ஆரம்பசுகாதாரம் எழுதியது:

உப்பு அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். உங்கள் மனைவியைப் பார்த்திருப்பவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, நான் எழுதுவது பொதுவான விளக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழுத்து விஷயம். கழுத்து வீக்கம் என்பது தைராய்டு ரொம்ப நாள் மல்லுக்கட்டிய பிறகு வெளியே தெரிவது. தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின்தான் மூலப்பொருள், அந்த ஹார்மோனில் இரண்டு வகை, டி4-ல் நான்கு அயோடின் அணு, டி3-ல் மூன்று. சரக்கு குறைந்தால் மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் கூட்டி "இன்னும் செய், இன்னும் செய்" என்று விரட்டும், சுரப்பி பெருத்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியும் கழலை வருவதற்கு முன்பே, அல்லது அது வராமலே, உள்ளே பற்றாக்குறை நடந்துகொண்டிருக்கலாம். அதனால் கழுத்தைத் தடவிப் பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

நாம் உண்மையில் பயப்படுவது கழுத்துக்காக அல்ல, வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்காக. குழந்தையின் சொந்தத் தைராய்டு பத்துப் பன்னிரண்டு வாரத்தில்தான் அயோடினைப் பிடிக்க ஆரம்பிக்கிறது, சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஹார்மோன் சுரக்கப் பதினெட்டு இருபது வாரம் ஆகிவிடும். அதுவரை மூளை வளர்வதற்கு வேண்டிய ஹார்மோன் முழுக்க அம்மாவிடம் இருந்து. அதனால் கர்ப்பத்தில் அம்மாவின் தைராய்டு வழக்கத்தைவிடப் பாதி அளவு கூடுதலாக உழைக்கிறது, சிறுநீரகம் வழியாகவும் அயோடின் அதிகமாக வெளியேறுகிறது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும் என்றால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் 250 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

கடுமையான பற்றாக்குறையில் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது, பிறவியிலேயே காது கேளாமை, பேச்சு வராமை, வளர்ச்சி நின்றுபோவது, கைகால் விறைப்பு, மனவளர்ச்சிக் குறைபாடு எல்லாம் உண்டு. 1966-ல் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி, அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசி என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, பிறகு பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். கருத்தரிக்கும் முன்பே அயோடின் கிடைத்த தாய்மார்களின் பிள்ளைகள் தப்பினார்கள், ஏற்கெனவே கர்ப்பமான பிறகு ஊசி போட்டவர்களில் சிலருக்குப் பலன் கிடைக்கவில்லை. நான் கல்லூரியில் படித்ததில் மறக்காத சில விஷயங்களில் இது ஒன்று.

உடனே பதறாதீர்கள், உங்கள் வீட்டு நிலைமை அது கிடையாது. பால், தயிர், வெளியில் சாப்பிடும் சாப்பாடு, பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், தைராய்டும் சில மாதங்களுக்குச் சேமித்து வைத்திருக்கும். ஆனால் ஒன்றரை வருடம், சைவம், முட்டையும் இல்லை, வெளிச் சாப்பாடும் குறைவு என்றால் லேசான பற்றாக்குறைக்கு நிறையவே இடம் இருக்கிறது. லேசானதும் அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. 2013-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் முதல் மூன்று மாதச் சிறுநீரில் அயோடின் பார்த்திருந்தார்கள். குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகள் எட்டு வயதில் அறிவுத்திறன் சோதனையிலும் ஒன்பது வயதில் வாசிப்பிலும் சற்றே பின்தங்கியிருந்தார்கள். ஒரு பிள்ளையை எடுத்து "இவனுக்கு இதனால்தான்" என்று சொல்ல முடியாது. ஊர் முழுக்கக் கணக்கெடுத்தால் தெரியும் வித்தியாசம் அது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். டிஎஸ்எச் கூடியதற்கு உப்புதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். இன்றைக்கு நகரங்களில் நாங்கள் பார்க்கும் தைராய்டு குறைவில் பெரும்பகுதி ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டையே தாக்குவது, அது அயோடின் குறைவால் வருவதில்லை. அந்தத் தாக்குதல் நடக்கிறதா என்று பார்க்க டிபிஓ ஆன்டிபாடி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அடுத்த முறை போகும்போது அது தேவையா என்று கேளுங்கள். எது காரணமாக இருந்தாலும் இப்போதைக்கு மாத்திரை மாத்திரைதான், உப்பை மாற்றிவிட்டோம் என்று அதை நிறுத்திவிடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள், சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாக ஏறாது. இதை யாரும் சொல்வதில்லை, நாங்கள் உட்பட, கூட்டம் அப்படி.

சிறுநீரில் அயோடின் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தனி ஒருவருக்கு ஒரு தடவை பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு, நேற்று என்ன சாப்பிட்டார் என்பதைத்தான் அது சொல்லும். ஒரு ஊரின் நிலைமையை அறியத்தான் அந்தச் சோதனை. அப்புறம், தயவுசெய்து இணையத்தில் பார்த்து கெல்ப் மாத்திரை (கடற்பாசியில் செய்வது) வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஒரு நாள் தேவையைவிடப் பல மடங்கு அயோடின் இருக்கும். திடீரென்று கொட்டினால் அம்மாவின் தைராய்டும் மக்கர் செய்யும், குழந்தையுடையதும் செய்யும்.


நாட்டுச்சரக்கு எழுதியது:

எல்லோரும் ஒரே பாட்டு. நம் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் எந்த அயோடின் உப்பைச் சாப்பிட்டார்கள்? பத்துப் பிள்ளை பெற்றார்கள், எல்லாம் மூளை வளராமலா போனது? இமயமலைக்காரனுக்குக் கழுத்து வீங்குகிறது என்று கன்னியாகுமரிக்காரனையும் சேர்த்துக் கட்டாயப்படுத்தினார்கள், அதனால் லாபம் அடைந்தது பெரிய கம்பெனிகள், அழிந்தது சிறு உப்பளக்காரன். 1930-ல் ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளியது எதற்கு? அள்ளிய உப்பை விற்கக் கூடாது என்று நாமே சட்டம் போட்டுக்கொள்ளத்தானா? உச்ச நீதிமன்றமே அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது, அதை யாரும் பேச மாட்டார்கள். தம்பி, பயமுறுத்துகிறார்கள், கல் உப்பையே சாப்பிடுங்கள்.


ஓய்வு_வாத்தியார் எழுதியது:

நாட்டுச்சரக்கு சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை, சரியில்லாத பாதி ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் சமையலறைக்குள் போகிறது என்பதால் எழுதுகிறேன். வேதியியல் ஆசிரியராக இருந்தவன், இந்த உப்பு வழக்கை அந்தக் காலத்தில் செய்தித்தாளில் வெட்டி வைத்துப் படித்தவன்.

இமயமலையில் இருந்து ஆரம்பித்தது உண்மைதான். இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவும் 1956-ல் தொடங்கிய சோதனை அது. பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒன்றில் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, ஒன்றில் அயோடேட் கலந்த உப்பு, நடுவில் ஒன்றில் வெறும் உப்பு. சில வருடங்களில் அயோடின் கிடைத்த இரண்டு பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை ஏறக்குறைய பாதிக்கு இறங்கியது, வெறும் உப்புப் பகுதியில் அசையவே இல்லை. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது அதன் பிறகுதான். நம் ஊர் ஈரத்துக்கு அயோடைடு தாங்காது, அயோடேட் தாங்கும், அதனால் இங்கே அயோடேட்.

ஆனால் பிரச்சினை மலையோடு நிற்கவில்லை. மத்திய அரசின் திட்டத்தில் 414 மாவட்டங்களில் ஆய்வு செய்து 337-ல் இது பரவலாக இருப்பதாகக் கண்டார்கள், சமவெளி, கடலோரம் எல்லாம் அதில் உண்டு, எந்த மாநிலமும் விலக்கில்லை. 1992-ல் திட்டத்தின் பெயரையே மாற்றினார்கள், "கழலை" போய் "அயோடின் குறைபாட்டு நோய்கள்" என்று ஆனது. மருத்துவர் அம்மா மேலே சொன்னதன் சாரம் அந்தப் பெயர் மாற்றத்தில் இருக்கிறது. கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளின் மூளையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பாட்டன் காலத்தில் யாருக்கு என்ன ஆனது என்று யார் அளந்தார்கள்? எங்கள் தெருவில் "ஊமையன்" என்று ஒருவரும் "மந்தம்" என்று ஒருவரும் இருந்தார்கள், விதி என்று விட்டுவிட்டோம். அவர்களுக்கு அயோடின் குறைவு என்று நான் சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளவே நமக்கு வழியில்லாத ஒரு காலத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள் என்கிறேன்.

இப்போது சட்டம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கத் தடை தொண்ணூறுகளின் கடைசியில் நாடு முழுக்க வந்தது, 2000-ல் மத்திய அரசே அதை நீக்கியது, 2005 நவம்பரில் மறுபடி அறிவித்து 2006 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது நிஜம். ஏன் என்றால், கலப்படத் தடைச் சட்டம் கலப்படத்தைத் தடுக்க வந்தது, பொது சுகாதாரத்துக்காக ஒன்றைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதற்காக. அயோடின் வேண்டாம் என்றோ கெடுதல் என்றோ நீதிமன்றம் சொல்லவில்லை, ஆறு மாதத்துக்கு விதி தொடரட்டும், அதற்குள் அரசு முறையாக ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று அவகாசமும் கொடுத்தது. அதே 2011-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குமுறை வந்து இன்றுவரை தடை இருக்கிறது. தீர்ப்பில் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

சிறு உப்பளக்காரன் அடிபட்டான் என்பதில் எனக்கு உங்களோடு சண்டையில்லை. தெளிக்கும் இயந்திரம், பாக்கெட், பரிசோதனைக்கூடம் எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும், அது இல்லாதவன் பெரிய ஆலைக்கு மூட்டைக்கணக்கில் விற்றுவிட்டு ஒதுங்க வேண்டியிருந்தது. அது நியாயமான கோபம். அதை அரசாங்கத்திடம் காட்டுங்கள், அந்தப் பெண்ணின் தட்டில் காட்டாதீர்கள்.


பாத்திக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, கடைசிப் பத்திக்கு நன்றி. எங்கள் சித்தப்பா அப்படி ஒதுங்கியவர்தான். ஆனால் அவர் வீட்டிலும் இப்போது பாக்கெட் உப்புதான், பேத்தி பிறந்ததில் இருந்து.


மலைச்சாரல் எழுதியது:

வணக்கம், இலங்கை மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் உப்பில்லாத பக்கமே இல்லை என்று சொல்லலாம், தீவு முழுக்கச் சுற்றிக் கடல். ஆனாலும் மழை கொட்டும் தென்மேற்குப் பக்கம் முழுக்கக் கழுத்துக் கழலை அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். எங்கள் அம்மம்மாவுக்கும் இருந்தது, தாவணித் துணியால் மறைத்துக்கொண்டே படம் எடுத்திருக்கிறார். வறண்ட வடக்கிலும் கிழக்கிலும் அவ்வளவு இல்லை என்று சொல்வார்கள். மழை மண்ணில் இருக்கிற அயோடினைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, அந்த மண்ணில் விளையும் காய்கறியிலும் குறைந்துவிடுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் காரணம். 1995-ல் இங்கே எல்லா உப்பிலும் அயோடின் என்று சட்டம் வந்தது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளில் அந்தக் கழுத்துகளைக் காண்பது அரிது.

ஒரு சந்தேகம் டாக்டர் அக்காவிடம். எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு நிறையச் சாப்பிடுவோம். அது தைராய்டுக்குக் கூடாது என்று ஒருவர் சொன்னார், கோவாவும் கூடாது என்றார். உண்மையா?


செல்வி_ஆரம்பசுகாதாரம் எழுதியது:

மலைச்சாரல், உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மரவள்ளியில் இருக்கும் சயனைடு சேர்மம் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, அயோடின் தைராய்டுக்குள் நுழைவதைத் தடுக்கும். கோவா, அதாவது எங்கள் ஊர் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கம்பு இவற்றிலும் தைராய்டைத் தொந்தரவு செய்யும் பொருட்கள் உண்டு. அயோடின் ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில் இதையே மூன்று வேளையும் சாப்பிட்டால் பிரச்சினை. அயோடின் போதுமான அளவு இருந்தால் கிழங்கை நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள். இங்கே தமிழ்நாட்டில் எனக்கு வரும் கவலை வேறு. சிறுதானியத்துக்கு மாறுகிற வீடுகள்தான் பெரும்பாலும் இந்துப்புக்கும் மாறுகின்றன. கம்பங்கூழும் அயோடின் இல்லாத உப்பும் ஒரே தட்டில் வருவது நல்ல சேர்க்கை இல்லை.


புதுஅப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து வருகிறேன். டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம், டிபிஓ எடுக்கச் சொன்னார், எடுத்தோம், நெகட்டிவ். அதற்காக உப்புதான் காரணம் என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார். நான்கு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பார்க்க வேண்டும். மாத்திரை தொடர்கிறது. இரும்பு மாத்திரையை இதுவரை காலையில் இதோடு சேர்த்தேதான் போட்டுக்கொண்டிருந்தாள், இப்போது அது இரவுக்குப் போய்விட்டது, செல்வி அக்காவுக்குத் தனியாக நன்றி.

உப்பையும் மாற்றியாகிவிட்டது. அம்மாவுக்காக அயோடின் கல் உப்பு பாக்கெட் வாங்கினேன், சிரிக்கும் சூரியன் முத்திரை போட்டது, அவருக்குக் கல்லாக இருந்தால் போதும். ஆனால் கர்ப்பிணிக்கு உப்பைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள், அயோடினுக்கு உப்பு வேண்டும் என்றும் சொல்கிறார்கள், எவ்வளவுதான் போடுவது? வீட்டில் வாங்கும் பாக்கெட்டில் அயோடின் இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா? பழைய கல் உப்பு இன்னும் மூன்று கிலோ இருக்கிறது, அதை என்ன செய்வது?


செல்வி_ஆரம்பசுகாதாரம் எழுதியது:

அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், அதற்கு மேல் யாருக்குமே வேண்டாம். கிராமுக்கு 30 மைக்ரோகிராம் இருக்கும் நல்ல உப்பு என்றால் அதிலேயே 150 வந்துவிடும், 15-தான் இருக்கிறது என்றால் 75. சமையலில் கொதிக்கும்போது ஒரு பங்கு போய்விடும், அதனால் உப்பைக் கடைசியில் போட்டு இறக்குங்கள். மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள், மாதக்கணக்கில் திறந்த மரவையில் வைக்காதீர்கள். கர்ப்பத்துக்கு வேண்டிய மிச்சத்துக்குப் பாலும் தயிரும் ஓரளவு கைகொடுக்கும். சுத்த சைவம் என்பதால் அயோடின் உள்ள கர்ப்பகால வைட்டமின் மாத்திரை தேவையா என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். அரசு கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் கிடையாது.

வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய வழி உண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்வதுதான். உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தடவி ஒரு நிமிடம் விட்டு, மேலே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அயோடின் இருந்தால் நீலம் பூக்கும். எவ்வளவு இருக்கிறது என்று இது சொல்லாது, உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும்.


புதுஅப்பா எழுதியது:

செய்து பார்த்துவிட்டோம். அம்மாவே ஒரு கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் பழைய வண்டி உப்பு, இன்னொரு பாதியில் புது பாக்கெட் கல் உப்பு தடவி, எலுமிச்சையைத் தானே பிழிந்தார். பாக்கெட் உப்புப் பக்கம் நீலமாகிவிட்டது. வண்டி உப்புப் பக்கம் கிழங்கு கிழங்காகவே இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த மூன்று கிலோவை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டார், மாவடு சீசனுக்கு ஆகுமாம்.